ஜெருஷாவின் பந்து

கெலிஓயாப் பக்கம் ஓடுகிற ஆட்டோக்களின் பின் கண்ணாடியைப் பார்த்தால் போதும், கிருஷாந்தியின் கைவேலை தெரிந்துவிடும். அம்மாவின் ஆசி, வேளாங்கண்ணி மாதா, ஒரு சிறுத்தையின் கண், விட்டுவிட்டுப் போனவளுக்கு இரண்டு வரிச் சாபம் என்று, ஆட்டோக்காரன் மனதில் கிடந்த அத்தனையையும் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டிக் கொடுத்தவள் அவள்தான். பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது, முன்னால் போகிறவனின் குடும்பக் கதை முழுக்கத் தெரியும்.

கலியாணத்துக்கு முன்னால் கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை செய்தாள். பன்வில தோட்டத்திலிருந்து விடிய பஸ் ஏறி வருவாள், இருட்டின பிறகு லயத்து வரிசை வீட்டுக்குப் போய்ச் சேருவாள். கடைக்காரர் பெரிய மெஷின் எடுத்தபோது பழைய சின்ன மெஷினை இவளுக்கே கொடுத்துவிட்டார். பாண் ரொட்டி வைக்கிற பெட்டி அளவுதான் இருக்கும். பழைய சாரி ஒன்றில் சுற்றி, அதை மடியில் வைத்துக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்கு வந்தாள். மருமகள் என்ன கொண்டுவந்தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமியார் திரேசம்மா, "ஒரு மெஷினும் ஒரு வாயும்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெலிஓயா டவுனில் இறங்கி, மெயின் ரோட்டைக் கடந்து, போக்குக்குப் பக்கத்தால் படியேறினால் சரிவில் அவர்களுடைய வாடகை வீடு. போக்கு என்பது மலைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியால் போக விட்ட வழி. அதற்கு இரண்டு பக்கமும் குட்டைச் சுவர். படியேறிக் களைத்தவர்கள் அதில்தான் உட்காருவார்கள். புருஷன் அமலதாஸ் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டுக்குத் தேவையான பேச்சை மற்ற இரண்டு பேரும் பேசிவிடுவார்கள்.

மெஷின் செய்வது பாதி வேலைதான். போனில் எழுத்தை அமைத்து அனுப்பினால், பசைப் பாயில் ஒட்டிய ஸ்டிக்கர் தாளை அது உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும், மறுபடி இழுக்கும், முனகிக்கொண்டே சின்னக் கத்தியால் கீறும். மேல் தோலை மட்டும் கீறிவிட்டு அடித்தாளை விட்டுவிடும். மிச்சம் மனுஷர் வேலை. ஊசிக் கொக்கியால் எழுத்தைச் சுற்றியிருக்கிற வேண்டாத தோலை உரிக்க வேண்டும், எழுத்துக்குள் அடைபட்ட சின்னச் சின்னத் துண்டுகளைத் தோண்டி எடுக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்தென்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். தமிழில் ஒவ்வொரு சுழியும் ஒரு வம்பு. ஒன்றை அவசரப்பட்டு இழுத்தால் எழுத்தே கூட வந்துவிடும். உரித்து முடிந்ததும் எழுத்தின் மேல் ஒட்டுத்தாளை அழுத்தி, அப்படியே தூக்கி, ஸ்பிரிட்டால் துடைத்த இடத்தில் வைத்து, நகத்தால் தேய்த்து, ஒட்டுத்தாளை மட்டும் மெல்ல எடுக்க வேண்டும். ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான். பிறகு உரித்தால் அது சுருண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும், மறுபடி ஒன்றுக்கும் ஆகாது.

அக்டோபர் பிறந்தால் ஆட்டோக்காரர்கள் பொறுத்திருக்க வேண்டியதுதான், கிறிஸ்மஸ் பந்து தொடங்கிவிடும். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பந்துக்குள் வெள்ளை மணியோ தங்கத் தூளோ போட்டு, வெளியே வீட்டுப் பிள்ளையின் பேரை ஒட்டி, சிவப்பு நாடா கட்டிக் கொடுப்பாள். கண்டியில் இங்கிலீஷில் செய்து தர ஆள் இருக்கிறார்கள். தமிழில் சுழி உடையாமல் செய்கிறவள் கிருஷாந்திதான் என்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து நாவலப்பிட்டி வரைக்கும் மாதா கோயில் சனங்களுக்குத் தெரியும்.

அந்த வருசம் அவள் கர்ப்பமாக இருந்தாள். டிசம்பரில் பிள்ளை. கண்டியில் ஸ்கேன் எடுத்த இடத்தில் பெண் என்று சொல்லியிருந்தார்கள். அமலதாஸ் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஜெருஷான்னு வைப்பமா?" என்று கேட்டான். அவன் வாயிலிருந்து அபூர்வமாக ஒரு சொல் வந்தால் அது இப்படி முழுதாக வரும். கிருஷாந்திக்கு அந்தப் பேர் உடனே பிடித்துவிட்டது.

ஆனால் திரேசம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அதற்கென்று ஒன்றும் வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது, பேர் சொல்லக்கூடாது. தொட்டில் கூடாது, சட்டை கூடாது. பழைய சாரியைக் கிழித்துத் துவைத்து வைக்கலாம், அதையும் பிள்ளைக்கு என்று வாயால் சொல்லக்கூடாது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது என்ன என்று கிருஷாந்தி கேட்டதற்கு, கோயில் வேறு, பிள்ளைப்பேறு வேறு என்று திரேசம்மா சொல்லிவிட்டாள். கிருஷாந்தியும் பன்வில லயத்தில் பிறந்தவள்தானே, சைவக் குடும்பமாக இருந்தபோதும் அவளுடைய அம்மா வீட்டில் இதே சட்டம்தான். அதனால் ஒன்றும் வாங்கவில்லை. கடையில் தொங்கிய குட்டிச் சட்டைகளைக் கூட நிமிர்ந்து பார்க்காமல் வந்தாள்.

பந்து விசயத்தில்தான் சறுக்கினாள். பேஸ்புக்கில் போட ஒரு மாதிரிப் பந்து வேண்டும். வெறும் பந்தின் படத்தைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, அதில் ஒரு பேர் இருக்க வேண்டும். வருசா வருசம் வாயில் வந்த ஏதாவது ஒரு பேரை வெட்டி ஒட்டுவாள். அந்த வருசம் வாயில் வந்தது ஜெருஷா. இது பிள்ளைக்கு வாங்கியதில்லை, தொழிலுக்குச் செய்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தங்க நிற ஸ்டிக்கரில் வெட்டினாள். 'ரு'வின் வாலுக்குள் இருந்த பொட்டை எடுக்கும்போது வயிற்றில் ஒரு உதை விழுந்தது. சிரித்துக்கொண்டே வேலையை முடித்தாள். அப்படி ஒரு அழகான பந்தை அவள் அதுவரை செய்ததில்லை.

திரேசம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். பந்தைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். இதை உடனே உரி என்றாள். இது சும்மா ஒரு மாதிரிதானே மாமி, ஊரில் வேறு ஜெருஷா இல்லையா என்று கிருஷாந்தி சிரித்து மழுப்பினாள். கிழவி திரும்பிப் போய் அம்மியடியில் உட்கார்ந்தாள். 

நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மழை வந்தது. கண்டிச் சனத்துக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகாவலி ஆறு டவுனுக்குள் ஏறியது. மேலே மலை அறுந்து விழுந்தது. கரண்ட் போனது, போன் போனது. எந்த ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று தெரியாமல் சனம் படிகளில் நின்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த மழைக்குள்தான் கிருஷாந்திக்கு வலி வந்தது. அமலதாஸ் ஒரு ஆட்டோவைக் கெஞ்சிப் பிடித்தான். மெயின் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. சுற்றுப்பாதையிலும் மண். கடைசியில் அவளை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, முன்பின் தெரியாத ஆட்கள் முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். சிங்களப் பையன் ஒருவன் வழி நெடுக அவள் தலைக்கு மேல் வாழை இலையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அந்தப் பக்கம் ஒரு லொறி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அம்மா அவளுடைய வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார், இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், பிறகு அமலதாசை வெளியே கூப்பிட்டார்.

பிள்ளைக்குத் தலை நிறைய முடி இருந்தது. கையில் ஒரு தாள் துண்டு கட்டியிருந்தார்கள். அதில் கிருஷாந்தியின் குழந்தை என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே ஒரு மூலையில் அடக்கம் செய்தார்கள். ஃபாதர் வந்து ஜெபம் சொன்னார். சிலுவையில் பேர் எழுதட்டுமா என்று தச்சன் கேட்டபோது திரேசம்மா வேண்டாம் என்றாள். அமலதாஸ் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன், அன்றும் பேசவில்லை. ஆக அந்தப் பேர் எழுதியிருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, வீட்டு மேசையில் இருந்த அந்தப் பந்து.

மழையைக் குற்றம் சொல்லலாம், பாதையைக் குற்றம் சொல்லலாம். திரேசம்மா பந்தைக் குற்றம் சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. பத்தியச் சரக்கு அரைத்தபடியே அம்மியைப் பார்த்துச் சொன்னாள். கிருஷாந்திக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தும், கண்ணை மூடினால் அந்த 'ரு'வின் பொட்டைத் தான் தோண்டி எடுத்ததுதான் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், வேறு ஏதாவது ஒரு பேரை வெட்டியிருக்கலாம் என்று தன்னையே தின்றுகொண்டிருந்தாள்.

திரேசம்மா கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் பிள்ளை இல்லாத பெற்றவளுக்கும் பத்தியம் ஒன்றும் குறைக்கவில்லை. பூண்டும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்தாள், பால்சுறாக் கருவாடு தேடிப் பிடித்துச் சுட்டுக் கொடுத்தாள். மார்பில் பால் கட்டிக் கல்லாகி மருமகள் முனகியபோது, சேறு மூடின டவுனெல்லாம் அலைந்து மல்லிகைப் பூ வாங்கி வந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்ற அதுதான் மருந்து.  கட்டி முடித்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"அத ஆத்துல போட்டுரு புள்ள. நீ போடலன்னா நான் போடுறேன்."

"அதத் தொடாதீங்க மாமி."

"பேரு சொல்லிக் கூப்புட்டா அது போகாது. இங்கயே சுத்திக்கிட்டு நிக்கும். அதுக்கும் நிம்மதியில்ல, நமக்கும் இல்ல."

"நிக்கட்டும். வேற எங்க போகும் அது?"

திரேசம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். 

"எனக்கும் ஒண்ணு போச்சு. தாசுக்கு முந்தி. லயத்துல. பேரு வைக்கல."

"மறந்துட்டீங்களா மாமி?"

 கிழவி எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அன்று சாயந்தரம் வேலையால் வந்த அமலதாஸ் அம்மா முகத்தையும் பெண்சாதி முகத்தையும் பார்த்துவிட்டு, பந்தை எடுத்து அலுமாரி மேலே, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தான். எறியவும் இல்லை, எடுப்பாக வைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன் சீப்புத் தேடுகிறவன் மாதிரி அந்த அலுமாரியடியில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவான். வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

டிசம்பர் வந்தது. கோயிலில் இந்த வருசம் சோடனை இல்லை, குடிலும் பூசையும் மட்டும் என்று ஃபாதர் அறிவித்துவிட்டார். ஓடர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, இந்த முறை வேண்டாம் அக்கா, அடுத்த வருசம் பார்ப்போம் என்று செய்தி போட்டார்கள். வீடு போனவர்கள், ஆள் போனவர்கள். ஒரு வீட்டுக்கு நாலு பந்து கேட்டிருந்தவர்கள், இப்போது இரண்டு போதும் என்றார்கள். எந்த இரண்டு பேர் என்று கிருஷாந்தி கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்டு, வெட்டி, உரித்துக் கொடுத்தாள். உடம்பு தேறாமல் மெஷினடியில் உட்காரக்கூடாது என்று திரேசம்மா தடுத்தும் கேட்கவில்லை. கை வேலை செய்தால் மனது கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தாள். அடங்கவில்லை. அத்தோடு வெறும் பந்தும் முடிந்துபோனது. கொழும்பிலிருந்து வர வேண்டிய பெட்டி பாதையில்லாமல் எங்கேயோ கிடந்தது.

அப்போதுதான் நிவேதிகா என்ற பெண் செய்தி போட்டாள். கம்பளையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள், புருஷன் அரசாங்க உத்தியோகம். வீட்டில் கூரை மட்டத்துக்குத் தண்ணீர் வந்து, இப்போது பேராதனையில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள். பேஸ்புக்கில் பந்தின் படத்தைப் பார்த்தாளாம். தன் மகளுடைய பேரே அதில் இருந்ததாம். அந்தப் பந்து வேண்டும் என்றாள்.  அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று கிருஷாந்திக்கு இத்தனை நாளும் தோன்றவே இல்லை. பந்து முடிந்துவிட்டது என்று மட்டும் பதில் போட்டாள்.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் படியேறி வந்துவிட்டாள். போக்கடியில் இருந்த ஆட்டோக்காரர்களிடம் கேட்டு வீட்டைப் பிடித்திருந்தாள். கையில் மூன்று வயசு மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. அடுத்தவர் வீட்டுச் சட்டை என்று பார்த்ததுமே தெரிந்தது, கை நீளம். வெயில் எறித்துக்கொண்டிருந்தது, பிள்ளை மழைச் செருப்புப் போட்டிருந்தது.

"குறை நினையாதேங்கோ அக்கா, சொல்லாமல் வந்திட்டன்" என்றாள் நிவேதிகா.

கிருஷாந்தி கதிரையைத் தள்ளிப் போட்டாள். திரேசம்மா உள்ளேயிருந்து பிளேன்டீ கொண்டுவந்தாள். நிவேதிகா களைத்திருந்தாள், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள் போலிருந்தது. தண்ணீர் வந்தபோது பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மேல் வீட்டுக்காரரின் மாடியில் நின்றதைச் சொன்னாள். அதற்குப் பிறகு பிள்ளை செருப்பைக் கழற்றுவதில்லையாம். படுக்கும்போதும் காலில் கிடக்குமாம். மழை இரைந்தால் எழுந்து போய்க் கதவடியில் நிற்குமாம். பொம்மை, சட்டை, போன வருசத்து மரம், ஞானஸ்நானத்துப் படம் எல்லாம் போய்விட்டன.

"ஒண்டுக்கும் அழேல்லை அக்கா. ஒண்டும் கேக்கவுமில்லை. உங்கட படத்தைக் காட்டி, இது உன்ர பேரெண்டு சொன்னன். என்ர எண்டு சொல்லிச்சுது. அண்டைக்குப் பிறகு அதொண்டைத்தான் கேக்குது. அந்த மாதிரிப் பந்தை மட்டும் தந்தாலும் காணும், அதுவே போதும்."

தான் பேச்சில் வருவது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தது. அலுமாரி மேலே, மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சிவப்பு நாடா கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை விரலை நீட்டி, "என்ர பந்து" என்றது.

"அது குடுக்கிற சாமானில்லங்க" என்றாள் திரேசம்மா.

நிவேதிகா கிண்ணத்தை வைத்துவிட்டு, எவ்வளவென்றாலும் தருகிறேன் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

"அது எங்க புள்ளையோடது. எங்க ஜெருஷாவோடது. அது இப்ப இல்ல."

அந்தப் பேரைக் கிழவி சொல்லி அன்றுதான் கிருஷாந்தி கேட்டாள். நிவேதிகா எழுந்துவிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கோ, எனக்குத் தெரியாது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து, அதன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை அதற்குள்ளிருந்தே அலுமாரியைப் பார்த்தது. அழவில்லை. கேட்டது இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று பழகிவிட்ட பார்வை. அந்தப் பார்வையைத்தான் கிருஷாந்தியால் தாங்க முடியவில்லை.

"இருங்க" என்றாள். "பந்து ஒண்ணுதான் இருக்கு. பேர நான் புதுசா வெட்டித் தாறேன்."

கதிரையை இழுத்துப் போட்டு ஏறிப் பந்தை எடுத்தாள். திரேசம்மா, "என்னா செய்யப் போற நீ?" என்று பக்கத்தில் வந்து நின்றாள். கிருஷாந்தி உட்கார்ந்து, பந்தை மடியில் வைத்து, முதல் எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். நன்றாக ஒட்டியிருந்தது. அவள் ஒட்டினால் அப்படித்தான் ஒட்டும். 'ஜெ' மெல்லக் கிளம்பியது, வந்த வேகத்தில் சுருண்டது. 'ரு' இழுத்தபோது அறுந்தது. 'ஷா' விரலில் சுற்றிக்கொண்டது. மூன்றும் ஒன்றாகி, கழுத்துச் சங்கிலியிலிருந்து கழன்ற ஒரு பொடித் தங்கக் குண்டு மாதிரி விரல் நுனியில் நின்றன. பிரிக்க முடியாது என்று தொழில் தெரிந்தவளுக்குத் தெரியும். தெரிந்தும் கொக்கியால் ஒரு தடவை பிரித்துப் பார்த்தாள். ஒரு எழுத்தும் வரவில்லை.

திரேசம்மா உள்ளங்கையை நீட்டினாள். கிருஷாந்தி அதை அதில் வைத்தாள். கிழவி வாங்கி, முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.

பிறகு கிருஷாந்தி மெஷினைப் போட்டாள். போனில் அந்தப் பேர் பழையபடியே இருந்தது, அதே எழுத்து, அதே அளவு. அனுப்பினாள். மெஷின் தாளை இழுத்துத் தள்ளி முனகியது. பிள்ளை கிட்ட வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, கத்தி ஓடுவதைப் பார்த்தது. கிருஷாந்தி ஸ்பிரிட்டால் பந்தைத் துடைத்தாள், சுற்றியிருந்த தோலை உரித்தாள், சுழிகளில் இருந்த பொட்டுகளை எடுத்தாள். 'ரு'வின் வாலுக்கு வந்தபோது கை நின்றது. வயிற்றுக்குள் ஒன்றும் அசையவில்லை. எடுத்து முடித்தாள். ஒட்டினாள், நகத்தால் தேய்த்தாள், ஒட்டுத்தாளை விலக்கினாள். யார் பார்த்தாலும் முந்திய பந்து என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது வேறு பிள்ளை. இதற்கு வயசு மூன்று, காலில் செருப்பு.

பந்தைக் கொடுத்ததும் பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் அழுத்திக்கொண்டது. நிவேதிகா காசு நீட்டினாள், கிருஷாந்தி வாங்கவில்லை. "நல்லா இருங்க" என்றாள். நிவேதிகா ஓம் ஓம் என்று தலையாட்டினாள், கண்ணைப் பார்க்கவில்லை. வந்தபோது அத்தனை பேசினவள் போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. சின்ன அழுகை இல்லை. மூச்சு விடாமல், அடிவயிற்றிலிருந்து எடுத்து அழுதது. படி வழுக்கி விழுந்துவிட்டதோ என்று கிருஷாந்தி வாசலுக்கு வந்தாள். வளைவு மறைத்தது, ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது, அழுகை தூரமாகிப் போனது. அவளுடைய மார்புத் துணி நனைந்துவிட்டது. மல்லிகைப் பூவுக்கும் கேட்காத பால். அந்தப் பாலுக்கு எந்தப் பிள்ளை அழுகிறது என்று தெரியவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரேசம்மா வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய், துணி மாற்றிவிட்டாள்.  ஆனாலும் அந்தப் பிள்ளை அதை மரத்தில் தொங்கவிடும், வருசா வருசம் எடுத்துத் துடைக்கும் என்று கிருஷாந்திக்குள் ஒரு சின்ன நினைப்பு இருந்தது. அந்தப் பேர் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கப்போகிறது. அது போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, மெஷினைத் துணியால் மூடி வைத்தாள்.

ஆறு மணி போல அமலதாஸ் வந்தான். கடையில் இன்னும் சேறு வழித்து முடியவில்லை, கால்சட்டை முழங்கால் வரைக்கும் மண். வழக்கமாக வாசலில் கால் கழுவிவிட்டுத்தான் ஏறுவான். அன்று கழுவாமல் உள்ளே வந்தான். சட்டைக்குள் கையை விட்டு எதையோ மெதுவாக வெளியே எடுத்தான்.

"கிருஷா, இது போக்குச் செவத்து மேல இருந்துச்சு" என்றான். "நல்ல வேள, யாரும் எடுக்கல. கொஞ்சம் காத்தடிச்சாலும் தண்ணிக்குள்ள போயிருக்கும்."

சிவப்பு நாடா, தங்க எழுத்து. உருண்டு விடாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் வைத்திருந்தார்களாம். யாரோ அக்கறையாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றான்.

கிருஷாந்திக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. பிள்ளை ஏன் அழுதது என்று விளங்கியது. அந்தப் பெண் எறியவில்லை, எறிய மனது வரவில்லை. இறந்த பிள்ளையின் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகவும் பயம். பிள்ளையின் கையைப் பிரித்து வாங்கி, கல் அண்டக் கொடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள்மேல் கோபம் வந்திருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை. அவளுடைய இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். முன்பே மாமி உரி என்றபோது உரிக்காமல் விட்டவள்தானே தான் என்று மட்டும் நினைத்தாள்.

"யாரு கொண்டுபோனது?" என்று அமலதாஸ் கேட்டான். கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தான். ஆற்றில் போட எடுத்துக்கொண்டு போய், மனது வராமல் சுவரில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவனாக நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவன் முகத்தில் கோபம் இல்லை. அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டதே என்ற ஒரு நிம்மதிதான் இருந்தது.

திரேசம்மா அந்தப் பழியை அப்படியே வாங்கிக்கொண்டாள். "நான்தான்டா" என்றாள். "புத்தி கெட்டுப்போய் எடுத்துட்டுப் போனேன்."

அவன் சட்டையின் உட்புறத்தால் பந்தைத் துடைத்தான். எழுத்தின் மேல் சேறு படாமல் விரலை ஒதுக்கி ஒதுக்கித் துடைத்தான். பிறகு விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் மாதிரி மெல்ல, "ஜெருஷா" என்றான். பிள்ளையை அடக்கம் செய்த நாளிலிருந்து அவன் வாயில் வராத பேர். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அவனை அடக்கவில்லை. இன்னொரு தடவையும் சொன்னான்.

"அங்கனயே வை தாசு" என்றாள் திரேசம்மா. அவளுடைய கை முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது.

அமலதாஸ் அலுமாரி மேலே எட்டி, இந்தத் தடவை மாதா படத்துக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தான். எழுத்து நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். நேராகத்தான் இருக்கிறது என்று கிருஷாந்தி சொன்னாள். பிறகு அவனுக்குச் சோறு போட எழுந்து போனாள்.